வட்டத்தில்தான் சுற்றுகிறோமா? சீர்திருத்த மரபின் விசுவாசத் தற்காப்பைப் பற்றி

அடித்தளம் எழுதியது:

வேதாகமம் உண்மை என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் வேதாகமத்தையே எடுத்துக் காட்டுகிறீர்கள், இது வட்டத்தில் சுற்றுகிற வாதம். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் வழிவந்த புராட்டஸ்டன்ட் மரபான சீர்திருத்த இறையியலில் நின்று விசுவாசத்துக்காகப் பேசுகிற எல்லார் மேலும் இந்தக் குற்றச்சாட்டு விழுகிறது. குற்றம் சாட்டுகிறவர்கள் எதைத் தாக்குகிறோம் என்று பார்ப்பதில்லை. பதில் சொல்கிற நம்மவர்களும் எதைக் காக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

ஒரே பெயரில் அழைத்தாலும் இங்கே நடப்பது இரண்டு தனி வேலைகள். ஒன்று தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா செய்தது, மற்றது இறையியலாளர் கார்னேலியஸ் வான் டில் (1895–1987) செய்தது. இருவரும் டச்சு சீர்திருத்த மரபில் வளர்ந்தவர்கள், இருவருக்கும் கால்வின்தான் ஊற்று. ஆனால் கேள்வி வேறு. ஆதாரம் காட்டாமல் தேவனை விசுவாசிப்பவன் பகுத்தறிவுக்குப் புறம்பாக நடக்கிறானா என்பது பிளான்டிங்காவின் கேள்வி. தேவனை மறுக்கிறவன் எதன் மேல் நின்றுகொண்டு மறுக்கிறான் என்பது வான் டில்லின் கேள்வி.

பிளான்டிங்கா எதிர்த்தது பழைய விதி ஒன்றை. தானாகவே விளங்குவது, புலன்களுக்குத் தெரிவது, "எனக்கு வலிக்கிறது" என்பதுபோலத் தவறவே முடியாதது, இந்த மூன்றை மட்டும்தான் ஆதாரம் கேட்காமல் ஏற்கலாம். மற்ற எல்லாவற்றையும் இவற்றின் மேல்தான் கட்ட வேண்டும் என்பது அந்த விதி. சரி, இந்த விதியே தானாக விளங்குகிறதா? புலனுக்குத் தெரிகிறதா? தவறவே முடியாததா? மூன்றும் இல்லை. விதி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது. மற்றவர்களுக்கும் மனம் உண்டு என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். அதற்கு அசைக்க முடியாத நிரூபணம் யாரிடமும் இல்லை. ஆனாலும் அப்படி நம்புகிறவனை அறிவீனன் என்று யாரும் சொல்வதில்லை. தேவனைப் பற்றிய நம்பிக்கையும் இதே நிலையில்தான் இருக்கிறது என்று 1967-லேயே அவர் எழுதிவிட்டார்.

2000-ல் வந்த பெரிய நூலில் இன்னும் ஒரு படி போகிறார். அறிவாற்றல்கள் பழுதில்லாமல், தமக்கு ஏற்ற சூழலில், உண்மையை எட்டுவதற்கென்று வகுக்கப்பட்டபடி வேலை செய்யும்போது பிறக்கும் உறுதியான நம்பிக்கைதான் அறிவாகும் தகுதி பெறுகிறது. எல்லா மனிதரின் உள்ளத்திலும் தேவனைப் பற்றிய ஓர் உணர்வு பதிக்கப்பட்டிருக்கிறது என்கிறார் கால்வின். தேவன் இருக்கிறார் என்றால் அந்த உணர்வை அவரே வைத்திருக்க வேண்டும், அதிலிருந்து வரும் நம்பிக்கைக்கும் அந்தத் தகுதி உண்டு. இதனால் என்ன ஆகிறது? "கிறிஸ்தவம் மெய்யோ பொய்யோ எனக்குத் தெரியாது, ஆனால் அதை நம்புவது அறிவீனம்" என்று சொல்லித் தப்பிக்க வழி இல்லாமல் போகிறது. அறிவீனம் என்று காட்ட விரும்புகிறவர் முதலில் அது பொய் என்று காட்டியாக வேண்டும்.

வான் டில் வேறு திசையில் போகிறார். நடுநிலையான தளம் ஒன்று இருக்கிறது, விசுவாசியும் அவிசுவாசியும் அங்கே நின்று தேவன் உண்டா இல்லையா என்று எடைபோடலாம் என்ற எண்ணத்தையே அவர் ஏற்பதில்லை. மனிதர் தேவனை அறியாமல் இல்லை, அறிந்தும் சத்தியத்தை அடக்கி வைக்கிறார்கள் என்பது ரோமர் 1:18-21-ன் வாதம். ஆகவே அவர் செய்வது இதுதான்: அவிசுவாசியின் உலகநோக்கை வாதத்துக்காக ஏற்றுக்கொண்டு, அது உண்மையென்றால் தர்க்க விதிகளுக்கும் இயற்கையின் ஒழுங்குக்கும் ஒழுக்கக் கடமைக்கும் என்ன ஆதாரம் மிஞ்சுகிறது என்று கேட்பது. நேற்று நடந்தபடியே நாளையும் இயற்கை நடக்கும் என்பதற்கு நியாயம் காட்ட முடியவில்லை என்று டேவிட் ஹியூமே ஒப்புக்கொண்டாரே, அதே இடத்தில்தான் கேள்வி.

அப்படியென்றால் வட்டம் எங்கே? "வேதம் சொல்கிறது, ஆகவே வேதம் உண்மை" என்ற வரி இரண்டு பேரின் வாதத்திலும் இல்லை. கடைசி அளவுகோல் எதுவோ அதை அதைவிடப் பெரிய அளவுகோலால் அளக்க முடியாது என்பது மட்டும்தான் இருக்கிறது. பகுத்தறிவைக் கடைசி அளவுகோலாக வைத்தவரும் பகுத்தறிவைக் கொண்டுதான் அதை நியாயப்படுத்துகிறார்.

நம் பக்கத்தின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த இரண்டு வாதங்களும் எவ்வளவு தருகின்றனவோ அதைவிட அதிகமாக நாம் கேட்டு வாங்கப் பார்க்கிறோம். பிளான்டிங்காவை வைத்துக் கிறிஸ்தவம் உண்மை என்று நிரூபித்துவிட்டதாகப் பேசுகிறோம். 2000-ல் வந்த அந்த நூலின் முடிவில் அவரே அது தத்துவத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். வான் டில்லை வைத்து எதிரில் இருப்பவரை வாயடைக்கப் பார்க்கிறோம். அது அப்பாலஜெட்டிக்ஸே, அதாவது விசுவாசத்தைக் காத்துப் பேசும் கலையே, அல்ல.

பழைய_பள்ளி எழுதியது:

சகோதரர் அடித்தளம் அவர்களுக்கு, நானும் சீர்திருத்த மரபின் பதினேழாம் நூற்றாண்டு அறிக்கையான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை மனதார ஏற்பவன்தான். ஆனால் சீர்திருத்த மரபு என்றாலே வான் டில், பிளான்டிங்கா என்று இரண்டு வாசல் மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள். இருவருமே இருபதாம் நூற்றாண்டு. அதற்கு முன் இருந்த நானூறு ஆண்டுகளை எங்கே விட்டீர்கள்?

1561-ன் பெல்ஜிக் விசுவாச அறிக்கை இரண்டாம் பிரிவில், தேவனை நாம் சிருஷ்டியின் வழியாகவும் வேதத்தின் வழியாகவும் அறிகிறோம் என்று சொல்கிறது. ஜெனீவாவில் கால்வினுக்குப் பின் போதித்த பிரான்சிஸ் டுரெட்டின் தேவன் இருக்கிறார் என்பதற்கு உலகத்தின் ஒழுங்கிலிருந்தும் மனசாட்சியிலிருந்தும் வெளிப்படையாக வாதிட்டார். அமெரிக்காவின் பழைய பிரின்ஸ்டன் இறையியல் பள்ளியின் பி. பி. வார்ஃபீல்ட் இன்னும் உறுதியாக இருந்தார். விசுவாசம் ஆவியானவரின் ஈவுதான், ஆனால் அது காரணமில்லாமல் காற்றில் தொங்குகிற விசுவாசம் அல்ல. சான்றுகளைப் பார்க்கும் கண்ணை ஆவியானவர் திறக்கிறார் என்பது அவருடைய நிலை. அப்பாலஜெட்டிக்ஸை ஓர் ஓரமாகத் தள்ளிய டச்சு இறையியலாளர்கள் ஆபிரகாம் கைப்பரையும் ஹெர்மன் பாவிங்கையும் அவர் நேராகவே எதிர்த்து எழுதினார்.

வான் டில்லிடம் எனக்குள்ள சிக்கலை 1984-ல் ஸ்புரூல், கெர்ஸ்ட்னர், லின்ட்ஸ்லி மூவரும் சேர்ந்து எழுதிய நூல் சரியாகச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் முதலாவது தேவன் இருக்கிறார் என்பது உண்மை. ஆனால் நாம் அறிகிற வரிசையிலும் அவரே முதலாவதாக வர வேண்டும் என்று அதிலிருந்து வராது. குழந்தை முதலில் தன்னையும் தாயையும் அறிகிறது, பிறகுதான் தன்னைப் படைத்தவரை அறிகிறது. வான் டில் இந்த இரண்டு வரிசையையும் ஒன்றாக்கிவிட்டார்.

அப்புறம், உயிர்த்தெழுதல். 1 கொரிந்தியர் 15-ல் பவுல் முன்அனுமானங்களைப் பற்றி, அதாவது ஆராயும் முன்பே ஏற்றுக்கொள்ளும் அடிப்படை நம்பிக்கைகளைப் பற்றி, பேசவில்லை. கேபாவுக்குக் காணப்பட்டார், பன்னிருவருக்குக் காணப்பட்டார், ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்களுக்கு ஒரே வேளையில் காணப்பட்டார், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று சாட்சிகளை வரிசைப்படுத்துகிறார். போய்க் கேளுங்கள் என்று சொல்லாமல் சொல்கிறார்.

ஐயப்பாடு எழுதியது:

நான் விசுவாசி அல்ல, ஆனால் இந்த இழை மரியாதையாகப் போகிறது என்பதால் எழுதுகிறேன். அடித்தளம் ஐயா தங்கள் பலவீனத்தைத் தாங்களே தொட்டிருக்கிறார், ஆனால் போதிய அளவு தொடவில்லை.

வான் டில் வகை வாதத்தைத் தத்துவத்தில் காண்ட் தொடங்கிவைத்தார்: நமக்கு அனுபவம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் எது எது முன்கூட்டியே இருந்தாக வேண்டும் என்று பின்னோக்கிக் கேட்பது. இதற்கு பாரி ஸ்ட்ரவுட் 1968-ல் எழுப்பிய மறுப்பு இன்னும் நிற்கிறது. இப்படிப்பட்ட வாதம் வென்றாலும் அது காட்டுவது, நாம் ஒன்றை *நம்பியாக வேண்டும்* என்பதைத்தான். அது *உண்மையாக இருக்கிறது* என்பதை அல்ல. நடுவில் ஒரு பாலம் வேண்டும், அதை யாரும் கட்டித் தரவில்லை. 1985-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் வான் டில்லின் வழியில் நின்ற கிரெக் பான்சனும் நாத்திகர் கோர்டன் ஸ்டீனும் மோதிய விவாதத்தைக் கிறிஸ்தவர்கள் பெரிய வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். ஸ்டீன் தர்க்க விதிகளை மனிதர் செய்துகொண்ட உடன்பாடு என்று சொல்லி மாட்டிக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் ஒரு நாத்திகர் மோசமான பதில் சொன்னார் என்பதாலேயே நல்ல பதில் இல்லை என்று ஆகிவிடுமா? தர்க்க உண்மைகள் யாரையும் சாராமல் தாமாகவே நிற்பவை என்று சொல்லும் நாத்திகத் தத்துவவாதிகள் இருக்கிறார்களே.

பிளான்டிங்காவிடமும் ஒரு கேள்வி. ஆதாரம் இல்லாமலே அடிப்படை நம்பிக்கையாக வைத்துக்கொள்ளலாம் என்றால், வேறு மதத்தவரும் தங்கள் தெய்வத்தைப் பற்றி அதே மாதிரி ஒரு கட்டமைப்பை வரைந்து காட்டலாம். "எங்கள் தெய்வம் இருந்தால் எங்கள் நம்பிக்கைக்கும் தகுதி உண்டு" என்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

கடைசியாக ஒன்று. வான் டில் சொன்ன ஓர் உவமை பிரபலம்: தகப்பன் மடியில் உட்கார்ந்திருப்பதால்தான் குழந்தையால் தகப்பன் முகத்தில் அறைய முடிகிறது, அதுபோலத்தான் நாத்திகன் என்று. நேர்மையாகத் தேடிப் பார்த்து விசுவாசிக்க முடியாமல் போன ஒருவரிடம் இதைச் சொல்வது அவமதிப்பு. "நீ உள்ளுக்குள் அறிந்திருக்கிறாய், அடக்கி வைக்கிறாய்" என்றால் அதன் பிறகு பேச்சு எப்படி நடக்கும்?

அடித்தளம் எழுதியது:

ஐயப்பாடு அவர்களே, இவ்வளவு கவனமாக எழுதியதற்கு நன்றி. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மனிதருக்கு மனிதர் பேசுகிற பேச்சு அதில்தான் இருக்கிறது.

ரோமர் 1 சொல்வது எல்லா மனிதரையும் பற்றிய தேவனுடைய தீர்ப்பு. என்னையும் சேர்த்துத்தான். கிருபையால் மீட்கப்பட்ட பிறகும் நான் சத்தியத்தை எத்தனையோ முறை அடக்குகிறேன். அந்த வசனத்தை எடுத்து எதிரில் இருப்பவரின் உள்ளத்தை நான் படித்துவிட்டதாகப் பேசினால், தேவனுக்குரிய இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிற யாவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லும் 1 பேதுரு 3:15 "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் சேர்த்தே சொல்கிறது. சீர்திருத்த விசுவாசிக்குத் தாழ்மை ஓர் அலங்காரம் அல்ல. நான் விசுவாசிப்பது என் புத்திசாலித்தனத்தால் அல்ல, கிருபையால்தான் என்பது என் உபதேசத்தின் நடுநாடி. அதை நம்புகிறவன் மற்றவரை ஏளனம் செய்தால் அவன் தன் உபதேசத்தையே புரிந்துகொள்ளவில்லை.

ஸ்ட்ரவுட்டின் மறுப்பு கனமானது. வான் டில்லின் வாதம் மட்டும் தனியாக நின்று திரித்துவ தேவன் இருக்கிறார் என்பதை நிரூபித்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாலம் இல்லை என்பது உங்களுக்கும் பொருந்தும். இயற்கை ஒழுங்காக நடக்கிறது என்று நம்பியாக வேண்டும். அது உண்மையா என்ற கேள்விக்கு "நம்பாமல் இருக்க முடியாது" என்பதற்கு மேல், இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்னும் இயற்கைவாதம் என்ன தருகிறது? கிறிஸ்தவத்தில் அந்த நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது: சிருஷ்டித்தவரே அறிவையும் சிருஷ்டித்தார், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வகுத்தார். இது முடிவான நிரூபணம் அல்ல. ஆனால் இரண்டு உலகநோக்குகளை ஒப்பிடும்போது இது சின்ன விஷயமும் அல்ல. பிளான்டிங்கா இதையே இன்னும் கூர்மையாக வைத்தார். பரிணாமம் உயிர் பிழைப்பதற்கு உதவும் நடத்தையைத் தேர்ந்தெடுக்கிறது, உண்மையான நம்பிக்கையை நேரடியாக அல்ல. தேவனும் இல்லை, பரிணாமம் மட்டும்தான் என்றால் நம் அறிவாற்றலை நம்புவதற்கு என்ன உத்தரவாதம்? அந்த நம்பிக்கை ஆடினால், அதே அறிவாற்றலால் நாம் எட்டிய இயற்கைவாதமும் கூடவே ஆடும். டார்வினே 1881-ல் ஒரு கடிதத்தில் இந்தச் சந்தேகத்தைத் தொட்டிருக்கிறார். பரிணாமம் பொய் என்பது இங்கே வாதம் அல்ல. பலர் இதை அப்படிப் பயன்படுத்துவது எனக்கு வருத்தம்.

மற்ற மதங்கள் பற்றி: ஆமாம், வரையலாம். இதை பிளான்டிங்காவே மறுக்கவில்லை. ஆனால் எல்லாராலும் முடியாது. நம்மை உண்மைக்கென்று வகுத்த ஒருவர் இருக்கிறார் என்று சொல்லும் மதத்துக்கே அந்தக் கட்டமைப்பு பொருந்தும். தகுதி என்ற கேள்வியே எழாத உலகநோக்குகளும் உண்டு. அப்படி வரைய முடிகிறவர்களோடு பேச்சு வேறு தளத்துக்குப் போகிறது: யார் சொல்வது உண்மை? அங்கேதான் பழைய_பள்ளி சகோதரர் காட்டிய 1 கொரிந்தியர் 15 வருகிறது. சான்றுகளை வான் டில் ஒதுக்கினார் என்பது சரியல்ல. சான்று தானே பேசாது, அதை ஓர் உலகநோக்குக்குள் வைத்துத்தான் எல்லாரும் வாசிக்கிறோம் என்பதே அவர் சொன்னது. கல்லறை காலியாக இருந்தது என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, "விளக்கம் தெரியாத இயற்கை நிகழ்வு" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமே.

அறிகிற வரிசை பற்றிய சகோதரரின் கண்டனத்தில் பாதியை ஏற்கிறேன். குழந்தை தாயைத்தான் முதலில் அறிகிறது. ஆனால் அந்த அறிவு சாத்தியமாவதற்கு எது அடியில் இருக்க வேண்டும் என்பதே வான் டில் கேட்டது. அது நேரத்தின் வரிசை அல்ல.

புதுவாசகி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தீமை ஏன் இருக்கிறது என்று கேட்டால், தேவன் மனிதருக்குச் சுயாதீன சித்தம் கொடுத்தார், அதனால்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கால்வினிசத்தை ஏற்ற பிறகு நான் அந்தப் பதிலைச் சொல்லலாமா? நடப்பது எல்லாம் தேவன் நியமித்தபடி என்று விசுவாசித்துக்கொண்டே அதைச் சொன்னால் மனசாட்சி உறுத்துகிறது.

பழைய_பள்ளி எழுதியது:

சகோதரி, உறுத்த வேண்டிய இடத்தில்தான் உறுத்துகிறது. இந்தக் கேள்விக்கு நம் சபைகளில் நேரான பதில் கிடைப்பதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1955-ல் ஜே. எல். மேக்கி என்ற நாத்திகத் தத்துவவாதி, சர்வ வல்லமையும் முழு நன்மையும் உள்ள தேவன் இருக்கிறார் என்பதும் தீமை இருக்கிறது என்பதும் தர்க்கப்படி சேர்ந்து நிற்காது என்று வாதிட்டார். அதற்கு பிளான்டிங்கா 1974-ல் கொடுத்த பதில்தான் இன்று எல்லாரும் எளிமையாக்கிச் சொல்லும் சுயாதீன சித்த வாதம். மேக்கியின் அந்த வாதத்தை அது உடைத்துவிட்டது என்று தத்துவத்துறையில் பரவலாகவே ஏற்கிறார்கள். ஆனால் அது நிற்கிற தளத்தைப் பாருங்கள். தேவனே நிர்ணயிக்காத, எதனாலும் முன்தீர்மானிக்கப்படாத சித்தம் மனிதருக்கு உண்டு என்பது அந்தத் தளம். பிளான்டிங்கா சீர்திருத்த சபையில் வளர்ந்தவர்தான், ஆனால் இந்த விஷயத்தில் நம் அறிக்கைகளோடு அவர் நிற்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மூன்றாம் அதிகாரம் சம்பவிக்கும் யாவையும் தேவன் நியமித்தார் என்கிறது. அதே மூச்சில், அவர் பாவத்துக்குக் காரணர் அல்ல, சிருஷ்டிகளின் சித்தத்தை அவர் வன்முறையாக வளைக்கவில்லை என்றும் சொல்கிறது. ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1754-ல் எழுதியதும் இந்தக் கோட்டில்தான்: மனிதன் தான் விரும்புவதைச் செய்கிறான், அதில் அவன் சுதந்திரன், விரும்புகிற இருதயமே சீர்கெட்டிருக்கிறது.

"அது வெறும் தற்காப்பு, சாத்தியமாக இருந்தால் போதும், உண்மையாக இருக்க வேண்டியதில்லை" என்று சிலர் சொல்வார்கள். தர்க்கத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட சித்தம் சாத்தியமே இல்லை என்று எட்வர்ட்ஸோடு சேர்ந்து சொல்பவர் அந்த வாசலாலும் நுழைய முடியாது. கடன் வாங்கிய பதிலை வைத்து விசுவாசத்தைக் காத்தால், கேட்கிறவர் ஒருநாள் உங்கள் அறிக்கையை வாசித்துவிட்டு வந்து நிற்பார்.

அப்படியென்றால் நமக்கு என்ன இருக்கிறது? முதலில் சிலுவை. அப்போஸ்தலர் 2:23-ல் பேதுரு, இயேசு தேவனுடைய நிர்ணயத்தின்படி ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்றும், நீங்கள் அக்கிரமக்காரரின் கைகளால் அவரைக் கொன்றீர்கள் என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். ஒன்று மற்றதை அழிக்கவில்லை. யோசேப்பு தன் சகோதரரிடம் ஆதியாகமம் 50:20-ல் சொன்னதும் இதே வடிவம். நடந்தவற்றிலேயே மகா கொடியது, மகா நன்மைக்கென்று நியமிக்கப்பட்டிருந்தது. பிளான்டிங்காவே 2004-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பக்கம் வருகிறார்: மனித அவதாரமும் மீட்பும் உள்ள உலகம், பாவமே நுழையாத உலகத்தைவிட மேலானதாக இருக்கலாம் என்று.

அடுத்து வில்லியம் ரோ 1979-ல் வைத்த வாதம். காட்டுத்தீயில் யாரும் காணாமல் வெந்து துடிக்கும் மான்குட்டி. அந்தத் துன்பத்தால் எந்த நன்மையும் தெரியவில்லையே என்றார். ஸ்டீபன் வைக்ஸ்ட்ரா 1984-ல் கேட்டது: தேவனுக்கு ஒரு காரணம் இருந்தால் அது நம் கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமா? யோபுவின் கடைசி அதிகாரங்கள் இதைத்தான் செய்கின்றன. காரணம் சொல்லப்படவில்லை, காரணம் அறிந்தவர் தம்மைக் காட்டுகிறார். ஆனால் துன்பத்தில் இருப்பவரிடம் போய் இந்த வாதத்தைச் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் செய்ததில் சிறந்தது.

புதுவாசகி எழுதியது:

நன்றி ஐயா. சிலுவையை இந்தக் கேள்விக்குப் பதிலாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. அப்போஸ்தலர் 4:27-28-ஐயும் எடுத்துப் பார்த்தேன், ஏரோது, பொந்தியு பிலாத்து என்று பெயர் சொல்லியே வருகிறது.

ஐயப்பாடு எழுதியது:

கடன் வாங்காமல் பதில் சொன்ன பழைய_பள்ளி ஐயாவை மதிக்கிறேன். பதில் எனக்கு உவப்பானது அல்ல. நியமித்துவிட்டு, காரணமும் சொல்லாத ஒருவரை நல்லவர் என்று அழைப்பது எனக்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது. வட்டம் என்ற குற்றச்சாட்டை மட்டும் இனி அப்படியே சொல்ல மாட்டேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. யாரும் நடுநிலையாக வாசிப்பதில்லை, கண்ணைத் திறப்பதும் ஆவியானவர்தான் என்றால், என்னைப் போன்றவர் சுவிசேஷத்தை வாசிப்பதில் என்ன பயன்? முதலிலேயே உங்கள் முன்அனுமானத்தை ஏற்றுக்கொண்டு வர வேண்டுமா?

அடித்தளம் எழுதியது:

வேண்டாம் நண்பரே. அப்படி யாரும் வந்ததில்லை. ஆவியானவர் வார்த்தைக்கு வெளியே தனியாக வேலை செய்வார் என்று எங்கள் மரபு சொல்வதில்லை. விசுவாசம் கேள்வியினால், அதாவது வார்த்தையைக் கேட்பதினால், வரும் என்கிறது ரோமர் 10:17. தகுதி பெற்ற பிறகு வாசிப்பது என்ற ஒழுங்கே கிடையாது. நீங்கள் நடுநிலையாக இல்லை என்று நான் சொல்வதன் பொருள், உங்கள் கேள்விகளைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள் என்பது அல்ல. அவற்றோடு வாருங்கள் என்பதுதான். நானும் என் கேள்விகளோடு வாசிக்கிறேன்.

நல்லவர் என்று அழைப்பது கடினம் என்றீர்கள். அதை வாதத்தால் நான் இலகுவாக்க முடியாது, முயலவும் மாட்டேன். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், நான்கில் அதுவே சிறியது. தேவன் இருக்கிறாரா என்ற பொதுக் கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அதில் வரும் இயேசு எப்படிப்பட்டவர் என்று மட்டும் பாருங்கள். 15-ஆம் அதிகாரம் வரை போய்விட்டு, "நல்லவர் என்று சொல்ல முடியவில்லை" என்ற அதே கண்டனத்தை அங்கிருந்து எழுதுங்கள். அதற்குப் பதில் எழுத நாங்கள் இருவரும் இங்கேதான் இருப்போம்.